தாத்தார்: இரவல் பெயர், சொந்த மொழி

மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. குல் தெகின் என்ற துருக்கிய இளவரசன் இறந்தபின், அவன் அண்ணன் பில்கே ககான் கி.பி. 732இல் நட்ட கல் அது. பல நூற்றாண்டுகளாக அதை வாசிக்க ஆளில்லை. 1893இல் வில்ஹெல்ம் தாம்சன் என்ற டென்மார்க் மொழியறிஞர் அதன் எழுத்துகளை அவிழ்த்தார். முன்னோர் இருவரின் இறுதிச் சடங்குக்கு எந்தெந்த நாட்டார் துக்கம் கேட்க வந்தார்கள் என்று கல் வரிசையாகச் சொல்கிறது. சீனர், திபெத்தியர், கிர்கிஸ் மக்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘ஒத்துஸ் தாத்தார்’ என்ற இரு சொற்களும் உண்டு. முப்பது தாத்தார், அதாவது முப்பது குலங்களாக இருந்த தாத்தார் என்பது பொருள். தாத்தார் என்ற பெயர் உலகில் எழுத்தில் பதிவான முதல் இடம் இதுதான்.

இன்று ருஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் கசான் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட தாத்தார்ஸ்தான் குடியரசு இருக்கிறது. அங்கே ஒரு தாத்தார்க் குழந்தையிடம் முப்பதுக்கு என்ன சொல் என்று கேட்டால் ‘உத்திஸ்’ என்று சொல்லும். கல்லில் இருக்கும் ‘ஒத்துஸ்’ஸும் இந்த ‘உத்திஸ்’ஸும் ஒரே சொல். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் தாத்தார்கள் இல்லை, துருக்கியர்கள். அவர்கள் பார்வையில் தாத்தார் என்பவர் கிழக்கே இருந்த அந்நியர். அதே கல்லில் வேறோர் இடத்தில் பகைவர் பட்டியலிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆக, அந்த இரு சொற்களில் எண்ணுக்கான சொல் கசான் குழந்தையின் மொழியும் சேர்ந்த துருக்கிய மொழிக் குடும்பத்துடையது. பெயரோ, அந்த மொழியைப் பேசியவர்களின் எதிராளிக்கு உரியது. எதிராளியின் பெயர் எப்படி இவர்கள் தலையில் வந்து உட்கார்ந்தது? எட்டு நூற்றாண்டு நீண்ட கதை அது.

பழைய தாத்தார்கள் யார் என்று முதலில் பார்க்கலாம். மங்கோலியாவின் கிழக்குக் கோடியில் புயிர் ஏரியையும் கெருலென் ஆற்றையும் சுற்றி மேய்ச்சல் நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள். மங்கோலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசியவர்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிகளுக்கு முதல் அகராதி எழுதிய மஹ்மூத் அல் காஷ்கரி, தாத்தார்களுக்குத் தனிப் பேச்சு உண்டு, துருக்கிய மொழியும் அவர்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். ‘தாத்தார்’ என்ற சொல்லின் வேர் பற்றிப் பல ஊகங்கள் உண்டு. பழந்துருக்கியில் அயலாரைக் குறித்த ‘தாத்’ என்ற சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள். ‘இழு’ என்று பொருள்படும் மங்கோலிய வினைச்சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள். ஒன்றும் நிறுவப்படவில்லை. என் கணிப்பில், இந்தப் பெயரின் வேரைவிட அது நடந்த வழிதான் நமக்கு அதிகம் சொல்கிறது.

அந்த வழியின் முக்கியமான திருப்பம் ‘மங்கோலியரின் இரகசிய வரலாறு’ என்ற 13ஆம் நூற்றாண்டு நூலில் இருக்கிறது. எசுகெய் என்ற மங்கோலியத் தலைவன் தாத்தார்களோடு போரிட்டு தெமுஜின் உகே என்ற அவர்கள் தலைவனைச் சிறைபிடித்து வந்தான். வீடு திரும்பிய வேளையில் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிடிபட்ட பகைவனின் பெயரையே பிள்ளைக்கு வைத்தான். அந்தத் தெமுஜின்தான் பின்னாளில் செங்கிஸ் கான். சில ஆண்டுகள் கழித்து, எசுகெய் வழியில் கண்ட விருந்தொன்றில் உட்கார்ந்தான். விருந்து வைத்தவர்கள் தாத்தார்கள். அவனை அடையாளம் கண்டு உணவில் நஞ்சு வைத்தார்கள். அவன் செத்தபோது தெமுஜின் சிறுவன்.

1202இல் மகன் கணக்குத் தீர்த்தான். தோற்ற தாத்தார்களை வண்டிச் சக்கரத்தின் கடையாணிக்கு எதிரே நிறுத்தி, அதைவிட உயரமான ஆண்கள் எல்லோரையும் வெட்டிக் கொல்வது என்று மங்கோலியர் முடிவெடுத்தார்கள். உயரம் எட்டாத பிள்ளைகளும் பெண்களும் வெற்றி பெற்றவர்களின் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். எசுய், எசுகென் என்ற தாத்தார்ச் சகோதரிகள் இருவரும் செங்கிஸ் கானின் மனைவியரானார்கள். பாழடைந்த தாத்தார் முகாமில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட ஷிகி குத்துகு என்ற பிள்ளை பேரரசின் தலைமை நீதிபதியாக உயர்ந்தான். ஒரு மக்களினமாகத் தாத்தார்கள் அத்துடன் முடிந்துபோனார்கள்.

வியப்பு இனிமேல்தான். மக்கள் அழிந்த பிறகு அவர்கள் பெயர் பெரும் பயணம் புறப்பட்டது. மங்கோலியப் படை மேற்கே பாய்ந்தபோது எதிரே நின்றவர்கள் எல்லோரும் அதைத் ‘தாத்தார்’ என்றே அழைத்தார்கள். அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர் அப்படி எழுதினார். 1223இல் கல்கா ஆற்றங்கரையில் அடிவாங்கிய ருஷ்யர்களின் நாளேடுகளும் அப்படியே எழுதின. காரணம் சீனத்தில் இருக்கிறது. மங்கோலியர் எழும்புவதற்கு முன் வட புல்வெளியில் பேர்போனவர்கள் தாத்தார்கள்தான். ஆகவே சீனர்கள் அந்தப் புல்வெளியில் திரிந்த எல்லாரையும் அந்தப் பெயராலேயே குறித்தார்கள். வெள்ளைத் தாத்தார் என்று ஒரு கூட்டம், கறுப்புத் தாத்தார் என்று ஒரு கூட்டம் என வகையும் பிரித்தார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல் தீன் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். தாத்தார்களுக்கு முன்பிருந்த செல்வாக்கால், பிற குலத்தார்கூடத் தங்களைத் தாத்தார் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கண்டார்களாம்.

மங்கோலியர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தங்கள் தலைவனின் தந்தைக்கு நஞ்சு வைத்தவர்களின் பெயர் அல்லவா? 1253இல் புறப்பட்டு மங்கோலிய அவைக்குப் போய்வந்த ருப்ருக் ஊர் வில்லியம் என்ற பாதிரியார் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தங்களைத் தாத்தார் என்று அழைப்பதை அவர்கள் விரும்பவில்லை, அது வேறு மக்களின் பெயர் என்கிறார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே போய்வந்த கார்ப்பினி பாதிரியார், தம் நூலின் தலைப்பிலேயே, மங்கோலியர்களாகிய இவர்களை நாம்தான் தார்த்தார் என்று அழைக்கிறோம் என்று தெளிவுபடுத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் வாய் ஒரு பெயரைப் பிடித்துவிட்டால் உரியவர் மறுத்தாலும் விடாது.

கார்ப்பினியின் தலைப்பில் ஒரு ‘ர்’ கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ஐரோப்பா சேர்த்தது. கிரேக்க, ரோமானியப் புராணங்களில் ‘தார்த்தாரஸ்’ என்பது பாதாள நரகம். எங்கிருந்தோ வந்து ஊர் ஊராகக் கொளுத்திப்போகும் குதிரைப்படை நரகத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று மிரண்ட மனங்களுக்குத் தோன்றியது. இங்கிலாந்துத் துறவி மேத்யூ பாரிஸ் 1240களில் தம் வரலாற்று ஏட்டில் இந்தச் சொற்பொருத்தத்தைப் பதித்தார். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியே இந்தச் சிலேடையைச் சொன்னதாகவும் எழுதினார். அந்த ஒற்றை எழுத்து அறுநூறு ஆண்டு உயிர்வாழ்ந்தது. காஸ்பியன் கடலிலிருந்து பசிபிக் வரை தங்களுக்குத் தெரியாத நிலம் முழுவதையும் ஐரோப்பிய வரைபடக்காரர்கள் ‘தார்த்தாரி’ என்று எழுதி நிரப்பினார்கள். சகாலின் தீவுக்கும் ஆசியக் கரைக்கும் நடுவிலுள்ள கடல், பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் 1787இல் அங்கே போய்ப் பெயரிட்டபடி இன்றும் தாத்தார் நீரிணைதான். ஆனால் அந்தக் கரை தாத்தார்களின் மண் இல்லை. ஒரு மக்களை நரகத்தோடு முடிச்சுப்போட்ட எழுத்து அது என்று தெரிந்த பிறகும் தமிழில் ‘தார்த்தாரியர்’ என்று எழுதுவது தகாது. அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வதுபோல் தாத்தார் என்றே எழுதுவோம்.

இனி வோல்காவுக்குப் போவோம். தாத்தார் மொழியில் அந்த ஆற்றின் பெயர் இதெல். மங்கோலியர் வருவதற்கு முன்பே அங்கே பொல்கார் என்ற அரசு இருந்தது. 922இல் பாக்தாத் கலீபாவின் தூதுக்குழு அங்கே போய்ச் சேர்ந்தது. குழுவில் இருந்த இப்னு பத்லான் எழுதிய பயணக்குறிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. பொல்கார் மன்னன் அல்மிஷ் இஸ்லாத்தை ஏற்ற ஆண்டாக அதுவே கொண்டாடப்படுகிறது. 1236இல் செங்கிஸ் கானின் பேரன் பத்துவின் படை பொல்காரை அழித்தது. அந்த நிலமும் தெற்கே விரிந்துகிடந்த கிப்சாக் துருக்கியரின் புல்வெளியும் ‘தங்கக் கூடாரம்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற அரசுக்குள் வந்தன.

ஆண்டவர்கள் மங்கோலியர், எண்ணிக்கையில் கொஞ்சம் பேர். ஆளப்பட்டவர்கள் கிப்சாக்குகள், எண்ணிக்கையில் ஏராளம். இரண்டு மூன்று தலைமுறையில் என்ன நடந்தது என்பதை 14ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து எழுதிய அல் உமரி அழகாகச் சொல்கிறார். வந்தவர்கள் மண்ணின் மக்களோடு மணவுறவு கொண்டார்கள், மண்ணின் தன்மை வென்றது, கடைசியில் எல்லோரும் கிப்சாக்குகளைப்போலவே ஆகிவிட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். மங்கோலிய மொழி மறைந்தது, கிப்சாக் மொழி நின்றது. உஸ்பெக் கான் காலத்தில், 1313 தொடங்கி, அரசே இஸ்லாமிய அரசாயிற்று. ஆனால் வெளியார் வாயில் அந்த அரசின் குடிகள் எல்லோரும் தாத்தார்கள்தான். வென்றவர்கள் தங்கள் மொழியை இழந்தார்கள், தோற்றவர்கள் தங்கள் பெயரை இழந்தார்கள் என்று சொல்லலாம். இன்னும் நுணுகிப் பார்த்தால் அந்தப் பெயர் வென்றவர்களுக்கும் சொந்தமானதில்லை.

அப்படியானால் இன்றைய கசான் தாத்தார்களின் முன்னோர் பொல்கார்களா, கிப்சாக்குகளா? இந்தக் கேள்வி அங்கே வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருந்ததே இல்லை. 1944 ஆகஸ்டில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. தங்கக் கூடாரத்தைப் புகழ்வது குற்றமாயிற்று. ‘இதெகெய்’ என்ற பழங்காவியம் அதனால் விலக்கப்பட்டது. 1946இல் மாஸ்கோவில் கூடிய அறிஞர் அவை, கசான் தாத்தார்கள் பொல்கார்களின் வழித்தோன்றல்களே என்று முடிவு கட்டியது. தங்கக் கூடாரத்தோடு உறவு கொண்டாடுவதைவிட மங்கோலியருக்குப் பலியான பொல்கார்களோடு உறவு கொண்டாடுவது சோவியத் அரசுக்கு உகந்ததாக இருந்தது. ஆனால் மொழி வேறு சாட்சி சொல்கிறது. பொல்கார் நாட்டில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் ‘பெண்’ணுக்கு ‘ஹிர்’ என்ற சொல் வருகிறது. தாத்தாரில் பெண் ‘கிஸ்’. பக்கத்துக் குடியரசில் வாழும் சுவாஷ் மக்களின் மொழியில் ‘ஹெர்’. ஆகவே பொல்காரின் பழைய பேச்சுமொழிக்கு நெருங்கிய உறவு சுவாஷ்தான். தாத்தார் மொழியோ கிப்சாக் கிளையில் பழுத்தது. மக்கள் பொல்கார் மண்ணில் வேரூன்றியவர்கள், மொழி கிப்சாக், பெயர் கிழக்கு மங்கோலியாவிலிருந்து வந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இதுதான் உண்மையான முன்னோர் என்று வாதிடுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மக்களினம் உருவாகும் வழி அப்படித்தான் இருக்கிறது.

மொழியைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். துருக்கியில் கடைக்காரரிடம் ‘எத்’ வேண்டும் என்றால் இறைச்சி தருவார். கசானில் ‘எத்’ என்றால் நாய். துருக்கியில் ‘இத்’ என்றால் நாய், கசானில் ‘இத்’தான் இறைச்சி. கேலிக்கதைபோல் இருந்தாலும் இதற்குப் பின்னால் கறாரான ஒலிவிதி இருக்கிறது. வோல்கா பகுதியில் உயிரொலிகள் வட்டமாக இடம் மாறி உட்கார்ந்தன. பழைய எகரம் மேலேறி இகரமாயிற்று, பழைய இகரம் கீழிறங்கிக் குறுகிய எகரமாயிற்று. ஒகரம் உகரமாயிற்று, உகரம் ஒகரப் பக்கம் சரிந்தது. துருக்கியில் வழி ‘யோல்’, தாத்தாரில் ‘யுல்’. ‘நான்’ அங்கே ‘பென்’, இங்கே ‘மின்’. ஓர்கோன் கல்லின் ‘ஒத்துஸ்’ கசானில் ‘உத்திஸ்’ ஆனதும் இதே விதிப்படிதான். தெருக் கடைகளில் விற்கும் முக்கோண வடிவ இறைச்சி அப்பத்துக்கு ‘ஓச்போச்மாக்’ என்று பெயர். ‘ஓச்’ என்றால் மூன்று, ‘போச்மாக்’ என்றால் மூலை. துருக்கியில் அந்த மூன்று ‘உச்’.

தமிழ் வாசகருக்கு இந்த மொழியின் கட்டுமானம் அந்நியமாகத் தோன்றாது. ‘அத்’ என்றால் குதிரை. ‘அத்லார்’ குதிரைகள். ‘அத்லாரிபிஸ்’ எங்கள் குதிரைகள். ‘அத்லாரிபிஸ்கா’ எங்கள் குதிரைகளுக்கு. பன்மைக்குப் பின் வேற்றுமை உருபு, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பெயரடை பெயருக்கு முன்னால் நிற்கிறது. தமிழில் இல்லாதது ஒன்று, உயிரொலி இணக்கம். ‘குஸ்’ என்றால் கண். எங்கள் கண்களுக்கு என்பதற்கு ‘குஸ்லாரிபிஸ்கா’ என்று சொல்ல முடியாது, ‘குஸ்லெரெபெஸ்கே’ என்றுதான் சொல்ல வேண்டும். அடிச்சொல்லின் உயிர் நாவின் முன்பக்கம் பிறந்தால் ஒட்டுகள் அத்தனையும் முன்பக்கத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட ஒட்டுநிலை ஒற்றுமைகளைக் கண்டுதான் ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துருக்கிய, மங்கோலிய, பின்னிய மொழிகளை எல்லாம் ‘சித்தியக்’ குடும்பம் என்று ஒன்றுசேர்த்துத் திராவிடத்தை அதன் உறவாகக் காட்ட முயன்றார். அந்த உறவு பிற்கால ஆய்வில் நிலைக்கவில்லை. கட்டுமானம் ஒத்திருப்பது வேறு, குருதியுறவு வேறு.

1552 அக்டோபரில் மாஸ்கோவின் இவான் மன்னர், ‘கொடியவர்’ என்று வரலாறு அழைக்கும் நான்காம் இவான், கசானைப் பிடித்தார். அதுவரை நூறு ஆண்டுக்கு மேல் கசான் தனி அரசு. பள்ளிவாசலைக் காத்து நின்ற இமாம் கோல் ஷரீப் மாணவர்களோடு மாண்டார். கோட்டைக்குள் அவர் பெயரில் 2005இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இன்று நிற்கிறது. தாத்தார்கள் நகரத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். 1740களில் கசான் வட்டாரத்தில் இருந்த 536 பள்ளிவாசல்களில் 418 இடிக்கப்பட்டன. இரண்டாம் கேத்தரின் காலத்தில்தான், 1773இல், மதச் சகிப்பு ஆணை வந்தது.

இந்த நூற்றாண்டுகள் முழுவதும் வோல்கா மக்களைத் தாத்தார் என்று அழைத்தவர்கள் ருஷ்யர்கள். அழைத்த விதத்தில் மரியாதை இருந்ததில்லை. அழைக்காமல் வந்த விருந்தாளி தாத்தாரைவிட மோசம் என்று ருஷ்யப் பழமொழியே உண்டு. பள்ளிப் பாடநூல்கள் மங்கோலிய ஆட்சிக்காலத்தைத் ‘தாத்தார் நுகத்தடி’ என்றன. காக்கசஸின் அஜர்பைஜானியரும் ருஷ்ய அதிகாரிகளுக்குத் தாத்தார்கள்தான், சைபீரியாவின் காக்காஸ் மக்களும் தாத்தார்கள்தான். வோல்கா மக்களோ தங்களை முஸ்லிம் என்றார்கள், கசான்காரர் என்றார்கள், பொல்கார் என்றார்கள். மேற்கே இருந்தவர்கள் மிஷார் என்றார்கள். ஞானஸ்நானம் பெற்ற கிளையினர் கெரெஷென். தாத்தார் என்பது அடுத்தவன் திட்டும்போது காதில் விழும் சொல்.

அதை எடுத்துச் சூடிக்கொள்ளச் சொன்னவர் ஷிஹாபுத்தீன் மெர்ஜானி. 1818இல் பிறந்தவர், புகாராவில் படித்தவர், கசானில் இமாம். பொல்கார், கசான் வரலாற்றை அவர் எழுதிய நூல் 1885இல் அச்சாயிற்று. தாத்தார் என்றால் குறைவு என்று நினைத்து, தான் தாத்தார் இல்லை, முஸ்லிம் என்று சொல்வோரை அவர் நேருக்கு நேர் கேட்டார்: தாத்தார் இல்லையென்றால் நீ யார்? அரபியனா, தாஜிக்கா, ருஷ்யனா? மதம் ஒருவனுக்கு இனப்பெயரைத் தராது என்பது அவர் வாதம். உலக முஸ்லிம் சமூகம் என்ற ஒரே அடையாளத்தில் வளர்ந்த ஒரு மதகுரு 19ஆம் நூற்றாண்டில் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! எட்டு நூற்றாண்டுக் கதையில் இந்தப் பெயரை ஒருவர் தெரிந்தே தேர்ந்தெடுத்த கணம் இதுதான் என்று நான் கருதுகிறேன். அதற்கு முன்பு அது ஒட்டப்பட்ட பெயர்.

அவர் காலத்தவரான கயூம் நாசிரி பெயருக்கு உள்ளீடு கொடுத்தார். அப்போது எழுத்துமொழி அரபும் பாரசீகமும் கலந்த துருக்கி ஏட்டுவழக்கு. வீட்டில் பேசுவது ஒன்று, ஏட்டில் எழுதுவது ஒன்று. நாசிரி பேச்சுமொழிக்கு இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், 1871 முதல் அந்த மொழியில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் போல ஒரு நாட்காட்டி நூல் வெளியிட்டார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய மொழி அது. நம்மிடமும் நடந்த கதைதான் இது என்று தமிழ் உரைநடையின் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். 1911இல் ஒரென்பர்க்கிலிருந்து வந்த ‘ஷூரா’ இதழில் நாம் துருக்கியரா தாத்தாரா என்ற விவாதம் நடந்தது. நாம் தாத்தார்களே என்று இளம் எழுத்தாளர் கலிம்ஜான் இப்ராஹிமோவ் எழுதினார். அவர் 1938இல் ஸ்டாலின் காலச் சிறையில் இறந்தார். அந்த விவாதத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1909இல், அப்துல்லா துகாய் ‘துகான் தெல்’ என்ற கவிதையை எழுதிவிட்டார். தாய்மொழி என்பது அந்தத் தலைப்பின் பொருள். துகாய் 27ஆவது வயதை எட்டுவதற்குச் சில நாள் முன் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கவிதை பாட்டாகித் தாத்தார் பேசும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவர் பிறந்த ஏப்ரல் 26, தாத்தார்ஸ்தானில் மொழிக்கான நாள்.

பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாத் தாத்தார்களும் ஒருவரே என்று நினைத்துவிடக் கூடாது. கிரிமியத் தாத்தார் மொழி வேறு. அதில் துருக்கியின் சாயல் அதிகம். அவர்கள் தங்களைக் கிரிம்லி, கிரிமியக்காரர் என்றும் சொல்வார்கள். 1944 மே 18 விடியற்காலையில் தொடங்கி மூன்று நாளில் ஏறத்தாழ 1,90,000 பேரைச் சோவியத் அரசு சரக்கு ரயில்களில் ஏற்றிப் பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பியது. வழியிலும் போய்ச்சேர்ந்த முதல் ஆண்டுகளிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1967இல் அரசு அவர்கள் மீதிருந்த துரோகக் குற்றச்சாட்டை விலக்கியது. ஆனால் அந்த ஆணையில் கிரிமியத் தாத்தார் என்ற பெயரே இல்லை. முன்பு கிரிமியாவில் வாழ்ந்த தாத்தார் இனக் குடிமக்கள் என்று எழுதினார்கள். மன்னிப்புப்போல் வந்த தாளில் ஒரு சொல்லை மாற்றிப்போட்டு, திரும்பிப்போக ஊரில்லாதவர்களாக ஆக்கினார்கள். கசான் தாத்தார்களுக்குப் பெயர் வந்து சேர்ந்தது ஒரு கதை என்றால், கிரிமியர்களிடமிருந்து பெயரில் பாதி பிடுங்கப்பட்டது இன்னொரு கதை.

போலந்து, லித்துவேனியாவின் லிப்கா தாத்தார்கள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதௌதாஸ் கோமகன் குடியேற்றிய படைவீரர்களின் வழிவந்தவர்கள். சில நூற்றாண்டில் தாத்தார் மொழி அவர்கள் நாவிலிருந்து போய்விட்டது. மதநூல்களை அவர்கள் எழுதிய விதம் நெஞ்சைத் தொடும். எழுத்து அரபு, வலமிருந்து இடம். வாசித்தால் காதில் விழுவது பெலரூஸ் மொழி, போலிஷ் மொழி. கிருஷினியானி, போஹோனிகி என்ற போலந்துக் கிராமங்களில் அவர்களின் மரப் பள்ளிவாசல்கள் இன்றும் இருக்கின்றன. பின்லாந்தில் நடந்தது நேர்மாறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிஸ்னி நோவ்கொரத் பகுதிக் கிராமங்களிலிருந்து துணி, கம்பளித்தோல் வியாபாரம் செய்யப் போன மிஷார்கள் அவர்கள். ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் வீட்டில் மொழியை விடவில்லை, லத்தீன் எழுத்தில் எழுதிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சைபீரியாவின் காக்காஸ் மக்களோ தங்கள் மொழியில் இன்னும் தங்களைத் ‘தாதார்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதிகாரி ஒட்டிய சீட்டு அங்கேயும் சொந்தப் பெயராகிவிட்டது.

எழுத்து விஷயத்தில் தாத்தார் மொழி பட்ட பாடு எந்த மொழிக்கும் வர வேண்டாம். பல நூற்றாண்டு அரபு எழுத்து. 1920இல் அதையே திருத்திப் புதிய எழுத்துமுறை. 1920களின் இறுதியில் லத்தீன். வேண்டாம் என்று 82 தாத்தார் அறிஞர்கள் 1927இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள், பயனில்லை. 1939இல் சிரிலிக். ஒரே வீட்டில் தாத்தா எழுதிவைத்த கடிதத்தை அப்பா தட்டுத்தடுமாறி வாசிப்பார், பேரனுக்கு அது வெறும் கோடு. நூலகம் நிறைய நூல்கள் ஒரே தலைமுறையில் ஊமையாயின. 1999இல் தாத்தார்ஸ்தான் லத்தீனுக்குத் திரும்பச் சட்டம் இயற்றியது. 2002இல் ருஷ்ய நாடாளுமன்றம் குறுக்கே சட்டம் போட்டது: குடியரசுகளின் ஆட்சிமொழிகள் சிரிலிக்கில்தான் எழுதப்பட வேண்டும். 2004இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஒரு மொழியைப் பேசுபவர்கள் அதை எந்த எழுத்தில் எழுதுவது என்று தாங்களே முடிவுசெய்ய முடியாத நிலையை நியாயம் என்று எந்த அளவுகோலாலும் சொல்ல முடியாது.

அடுத்த அடி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. 2017 வரை தாத்தார்ஸ்தானில் படிக்கும் எல்லாக் குழந்தைகளும், ருஷ்யக் குழந்தைகள் உட்பட, வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் தாத்தார் படித்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு இது சுமை என்ற ருஷ்யப் பெற்றோர் சிலரின் குறையையும் கேட்க வேண்டும். பாடம் சொல்லித்தந்த முறையில் பழுது இருந்திருக்கலாம். முறையைத் திருத்துவதுதான் அதற்கு மருந்து. 2017 ஜூலையில் அதிபர் புதின், தாய்மொழி அல்லாத மொழியைக் கட்டாயப்படுத்திக் கற்பிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று யோஷ்கர் ஓலா நகரில் பேசினார். சில மாதங்களில் பள்ளிகளில் அரசு வழக்கறிஞர்களின் சோதனை நடந்தது. தாத்தார், விரும்பினால் படிக்கும் பாடமாயிற்று. அடுத்த ஆண்டு கூட்டாட்சிச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அதே அளவுகோலை ருஷ்ய மொழிக்கு யாரும் வைக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? ருஷ்யாவில் தங்களைத் தாத்தார் என்று பதிந்தவர்கள் 2010இல் சுமார் 53 லட்சம், 2021இல் சுமார் 47 லட்சம். தாத்தார் மொழி தெரியும் என்று சொன்னவர்கள் 2010இல் சுமார் 43 லட்சம், 2021இல் சுமார் 33 லட்சம். பெயர் வைத்திருப்போரைவிட மொழி வைத்திருப்போர் வேகமாகக் குறைகிறார்கள். கூட்டத்தின் பெயரை அழிக்க இன்று யாரும் கிளம்பவில்லை. சுற்றுலா விளம்பரத்தில் அது பளிச்சென்று இருக்கிறது. இரவலாக வந்த பெயர் பத்திரமாக இருக்கிறது, பல நூற்றாண்டுகளாகத் தங்களுடையதாகவே இருந்த மொழி கைநழுவுகிறது.

முப்பதுக்குக் கசான் குழந்தை சொல்லும் சொல், 732இல் கல்லில் செதுக்கிய அதே சொல். அந்தச் சொல் இருக்கும் மொழியைக் கற்பிக்கப் பள்ளியில் 2017இன் இறுதியில் எஞ்சியது வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், அதுவும் பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்டால்தான்.